இல்லவே இல்லை என்று நான் எழுதிய படிவம்

ஒலக்கூர்
ஏப்ரல் 26

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

உன் அம்மா சவுரியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே மூன்று பேரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. குவைத்தில் நீயும் மாப்பிள்ளை குமரேசனும் சுகமாக இருக்கிறீர்களா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, ஆஸ்பத்திரி வேலையில் அந்தப் புது சூப்பர்வைசர் இப்போது கொஞ்சம் தணிந்தானா என்று எழுது. தினமும் போனில் பேசுகிறவள் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் மகள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் தோளில் தாடையை வைத்துக்கொள்கிறாள். அவளுக்கு எதிரில் சொல்லக்கூடாத விஷயம் இரண்டு என்னிடம் இருக்கிறது. கோட்டக்குப்பம் கமாலுதீன் பாய் லீவு முடிந்து இந்த வாரம் குவைத்துக்குத் திரும்பி வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே மாப்பிள்ளை வேர்க்கடலை என்று சொல்கிற நம் மல்லாட்டை வறுத்ததும் கேப்பை மாவும் இருக்கிறது.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. அஸ்வினி முழுப் பரீட்சையில் ஐந்து தாளிலும் கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதியிருக்கிறாள். மார்க்கு அப்புறம் சொல்கிறேன். கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதியிருக்கிறாள் என்பதுதான் சேதி. அரைப் பரீட்சையில் நாலு கணக்கு போட்டுவிட்டு மீதி இடத்தில் மயில் வரைந்து கொடுத்துவிட்டு வந்த பிள்ளை இது. கிறிஸ்துமஸ் அன்று போனில் நீ சொன்னாய், "முழுப் பரீட்ச வரைக்கும் பாக்குறேம்மா, அதுலயும் இப்படியே பண்ணான்னா ஜூன் மாசம் ஹாஸ்டல்ல போட்டுடுவேன், அங்க தான் அவ திருந்துவா" என்று. இரண்டு வயதில் என்னிடம் விட்டுவிட்டுப் போன பிள்ளை. அவள் இல்லாத வீட்டில் நானும் உன் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்ன செய்வோம். ஆனால் உன்னையும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. மாதத்துக்கு ஒரு பென்சில் டப்பாவும் இரண்டு செருப்பில் ஒரு செருப்பும் தொலையும், பள்ளிக்கூடத்திலிருந்து தினம் ஒரு புகார். நானே அவளை எத்தனை நாள் தலையில் குட்டியிருக்கிறேன்.

எதிர் வீட்டுச் சின்னக்கண்ணு, "இன்னாக்கா, உம் பேத்தி கண்ணத் தெறந்துக்கினே தூங்குது, மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசையில ஒரு நட இட்டுக்கினு போய் வா" என்றாள். போனேன். நம் மாதா கோயில் உபதேசியார் காதுக்குப் போக வேண்டாம். அந்தக் கூட்டத்தில் உன் மகள் என் கையை உருவிக்கொண்டு போய்விட்டாள். ஒரு மணி நேரம் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நான் அழுது, கடைசியில் பார்த்தால் வளையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வளையலை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டு இருந்தாள். "நான் எங்க தொலஞ்சேன், நீ தான் ஆயா தொலஞ்சிட்ட" என்றாள் என்னைப் பார்த்து.

பொங்கல் லீவு முடிந்து அவளுடைய வாத்தியார் அறிவுச்செல்வன் சார் வீட்டுக்கே வந்தார். நான் சண்டைக்கு நின்றேன். அவர் நிதானமாக, "ஆயா, அவ சோம்பேறி இல்ல, திமிரும் இல்ல. கேள்விய முடிக்கறதுக்குள்ள பதில் சொல்ற புள்ள, எழுதுன்னா ரெண்டு வரியோட நின்னு போவுது. பெரிய ஆஸ்பத்திரியில ஒரு வாட்டி காமிங்க" என்றார். எங்க புள்ளைக்குப் பைத்தியம்னு சொல்ல வந்தீங்களா சார் என்று கேட்டேன். "தாத்தாவ முழங்காலுக்குக் காமிக்கிறீங்க இல்ல, அது மாரி இதுவும் ஒடம்புல ஒரு எடம் தான்" என்றார். உன் அப்பா உள்ளேயிருந்து, "முழங்காலுக்குக் காமிச்சு இன்னா ஆச்சு, இதுக்கு ஆவப்போவுது" என்றார். அந்த வாய்க்காகவே போவது என்று நான் முடிவு பண்ணினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம், டாக்டர் பார்த்தார், மாத்திரை கொடுத்தார் என்று போனில் உனக்குச் சொன்னது பாதிக் கதை. மீதியை இப்போது சொல்கிறேன். திண்டிவனம் போய் பஸ் மாறி முண்டியம்பாக்கத்தில் இறங்கினோம். டாக்டர் இனியவன் என்று சின்ன வயதுக்காரர். எடுத்தவுடனே ஒன்றும் சொல்லிவிடவில்லை. கண் பார்க்க அனுப்பினார், காது பார்க்க அனுப்பினார், ரத்தம் எடுக்கச் சொன்னார். வேறு எதனாலாவது இப்படி இருக்கிறாளா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். அப்புறம் அஸ்வினியை எதிரில் உட்காரவைத்து, கிளாஸில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். இவள் யோசிக்கவே இல்லை. "திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாரி இருக்கும் சார். எல்லா கண்டக்டரும் ஒரே நேரத்துல கத்துவாங்க. எங்க சார் எந்த பஸ்ஸுன்னு எனக்குத் தெரியாது" என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒன்பது வயது பிள்ளை இத்தனை வருஷம் இதை மனதில் வைத்திருந்தது, அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை பார்.

நாங்கள் கிளம்பும்போது இரண்டு படிவம் கொடுத்தார். ஒன்று வாத்தியாருக்கு, ஒன்று வீட்டில் இருக்கிறவர்களுக்கு. பொருளைத் தொலைக்கிறாளா, சொன்ன வேலையைப் பாதியில் விடுகிறாளா, உட்கார வேண்டிய இடத்தில் எழுந்து போகிறாளா, தன் முறை வரும்வரை பொறுக்க மாட்டாளா என்று வரிசையாகக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் எதிரில் இல்லவே இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி என்று நாலு கட்டம். நர்ஸம்மா நான் படிச்சுக் காட்டட்டுமா என்றதற்கு, எனக்குப் படிக்கத் தெரியும்மா என்று வாங்கி வந்தேன். வீட்டில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கேள்வி விடாமல், எல்லாவற்றுக்கும் இல்லவே இல்லை என்று டிக் அடித்தேன். ஆமாம், எல்லாவற்றுக்கும். வெளி ஆள் ஒருவர் பேனாவும் காகிதமுமாக நம் வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்டால் எனக்கு வேறு பதில் வராது. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், என் பொண்ணு ஒரு வேலய மறந்தான்னு இல்ல, வச்ச பொருள் வச்ச எடத்துல இருக்கும் என்று சொன்னவள்தானே நான். கல்யாணமான முதல் வாரத்திலேயே நீ உலையை மறந்து சோற்றைக் கரியாக்க, உன் மாமியார் அந்த வார்த்தையை எடுத்து என் முகத்தில் எறிந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்படியும் எனக்குப் புத்தி வரவில்லை. இந்தப் படிவத்தையும் பெண் கேட்டு வந்தவர்களுக்குச் சொல்கிற மாதிரியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த தடவை டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வாத்தியார் படிவத்தில் பாதிக்கு மேல் மிக அடிக்கடி. "பாட்டி, பள்ளிக்கூடத்துல ஒரு அஸ்வினி, வீட்டுல வேற அஸ்வினியா" என்று சிரித்தார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார், இந்தக் குறைபாடு இருந்தால் ஒரு இடத்தில் மட்டும் இருக்காது, வீட்டிலும் தெரியும், வீட்டில் ஒன்றுமே இல்லையென்றால் நான் அவசரப்பட்டுப் பேர் வைக்கக்கூடாது, மருந்தும் ஆரம்பிக்கக்கூடாது, பள்ளிக்கூடத்தில் என்ன பிரச்சினை என்று விசாரித்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று. நல்லா யோசிச்சுத் தான் எழுதினீங்களா என்றும் கேட்டார். யோசிச்சுத் தான் எழுதினேன் சார் என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். என் பேத்திக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் வாயாலேயே வரவைத்துவிட்டேன் என்று நிமிர்ந்து வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் அவளுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டு, "ஆயா, எனக்கு ஒண்ணும் இல்லன்னா, அப்ப நான் வேணும்னே தான் பண்றேனா" என்று கேட்டாள்.

ஜெசிந்தா, அந்த நேரம்தான் திண்டிவனம் பஸ் வந்து நின்றது, கண்டக்டர் ஏறும்மா என்றார், நான் ஏறவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குள் திரும்பப் போனேன். ஓ.பி. மூடுகிற நேரம். வாசலில் இருந்த ஆள் சீட்டு கேட்டார், சீட்டு இல்ல, பாவசங்கீர்த்தனம் பண்ணணும் என்றேன். செய்த பாவத்தை ஒத்துக்கொள்ள வந்தவள் என்று அவருக்குப் புரிந்ததோ என்னவோ, வழி விட்டார். அஸ்வினியை நர்ஸம்மாவிடம் விட்டுவிட்டு உள்ளே போய் டாக்டர் எதிரில் நின்று, சார், நான் எழுதினது அத்தனையும் பொய், பொட்டப்புள்ளயாச்சேன்னு மறைச்சிட்டேன், வேற காகிதம் குடுங்க என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க பாட்டி, இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளு" என்றார். புதுப் படிவத்தை அங்கேயே எழுதினேன். மேல்மலையனூர் வளையல் கடை, ஒற்றைச் செருப்பு, பாதி பின்னிய ஜடையோடு ஆட்டுக்குட்டி பின்னால் ஓடியது, எல்லாவற்றையும் ஓரத்தில்கூட எழுதினேன். இதுதான் முதல் விஷயம். நான் பொய் எழுதினேன் என்பது அஸ்வினிக்குத் தெரியாது, தெரிய வேண்டாம்.

அதற்கப்புறம்தான் அதற்குப் பேர் சொன்னார். ஏ.டி.எச்.டி. என்று நாலு எழுத்து, தமிழில் கவனக்குறைவு என்று ஆரம்பித்து நீளமாகப் போகிறது. எனக்கு அவர் சொன்ன விளக்கம் இதுதான். அவளுக்குப் புத்தி குறைவில்லை, கவனம் இல்லாமலும் இல்லை, எதைக் கவனிக்க வேண்டும் என்று பிரித்து எடுக்கிற இடத்தில் மூளை கொஞ்சம் வேறு மாதிரி வேலை செய்கிறது, பிறவியிலேயே அப்படி, வளர்த்த கையின் குற்றமில்லை, அடித்தால் போகாது. மாத்திரை பற்றி உன்னிடம் வீடியோவில் பேசிச் சம்மதம் வாங்கியதும் உனக்குத் தெரியும். சின்னக்கண்ணு அதற்கும் வந்தாள். "அந்த மாத்திர போட்டா பொண்ணு மந்தமாப் பூடும், அப்புறம் அது இல்லாம இருக்காதாம்" என்றாள். அதையும் அப்படியே டாக்டரிடம் கேட்டேன். மந்தமாக இருந்தால் அளவு சரியில்லை என்று அர்த்தம், உடனே வந்து சொல்லுங்கள், மாதா மாதம் எடையும் உயரமும் ரத்த அழுத்தமும் பார்ப்போம், யார் சொல்லியும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்றார்.

மாத்திரை ஒன்றும் மந்திரம் இல்லை, அதையும் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் மத்தியானச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. காலையில் மாத்திரைக்கு முன்னால் கேப்பை அடையும் முட்டையும், சாயங்காலம் பசி வந்ததும் சோறும் என்று மாற்றினேன், எடை குறைவது நின்றது. ஆஸ்பத்திரியிலேயே ஒரு மேடம் இருக்கிறார்கள், அவர்கள் எனக்கும் உன் அப்பாவுக்கும் பாடம் எடுத்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும், கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும், செய்தால் அப்போதே நல்லா செஞ்சன்னு சொல்ல வேண்டும், படிப்பைச் சின்னச் சின்னதாக வெட்ட வேண்டும். உன் அப்பா வெளியே வந்து, "நாப்பது வருஷமா எனக்கு ஒரே நேரத்துல ஒம்பது வேல சொன்னியே, அப்ப இந்த மேடம் எங்க இருந்தாங்க" என்றார். நம் வீட்டில் இப்போது விதை மல்லாட்டை உரிக்கிற வேலை வாங்கியிருக்கிறோம். அஸ்வினியே ஒரு ஏற்பாடு பண்ணிக்கொண்டாள். ஐந்து கணக்கு, அப்புறம் எழுந்து வந்து என் முறத்தில் ஒரு கை அள்ளி உரிப்பாள், அப்புறம் அடுத்த ஐந்து கணக்கு. கைக்கு வேலை கொடுத்துவிட்டு வந்தால் தலை உட்காருகிறதாம். அறிவுச்செல்வன் சார் அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றி, தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துத் திருப்பப் பழக்கினார். நடுவில் ஒரு வாரம் எல்லாம் கெட்டுப்போய், ஹோம்வொர்க் நோட்டைக் கிணற்று மேட்டில் விட்டு மழையில் நனைய வைத்தாள், நானும் பழைய ஞாபகத்தில் கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையோடு அப்படியே நின்றேன். அவள் என் கையைப் பார்த்து, "ஆயா, கண்ணப் பாத்து ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூட இறக்காமல், "ஆயா, இன்னிக்கு ஒரு கண்டக்டர் தான் கத்துனாரு" என்றாள். யார் என்றேன். "எங்க சாரு தான்" என்றாள். அன்றைக்கு நான் மாதா படத்துக்கு முன்னால் நின்று என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது மார்க்கு. தமிழ் எழுபத்துநாலு, கணக்கு அறுபத்தொன்று, சமூகம் அறுபத்தாறு, அறிவியல் அறுபத்தொன்பது, இங்கிலீஷ் நாற்பத்தெட்டு. சார் கூப்பிட்டு விடைத்தாளையே காட்டினார். ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் ஒரு புள்ளி. கணக்குத் தாளில் கடைசிக் கணக்குக்குக் கீழே மயில் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் வரைந்திருக்கிறாள். சார் மயிலுக்கும் ஒரு டிக் போட்டிருந்தார். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு நான் வேண்டுமென்றே நடுத்தெருவில் நடந்து வந்தேன். சின்னக்கண்ணு, "இன்னாக்கா, பஸ்ட் ரேங்கா" என்றாள். அதுக்கும் மேல என்றேன். சாயங்காலம் அவளே தன் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து, "அந்த டாக்டரு எந்தக் கெழமையில இருப்பாரு" என்று குரலை இறக்கிக் கேட்டாள். கிழமையைச் சொல்லி, படிவம் குடுத்தா உண்மைய எழுதுடி என்றும் சொல்லி அனுப்பினேன். ஆகையால் ஹாஸ்டல் பேச்சு இனிமேல் வேண்டாம். அவள் திருந்த வேண்டிய பிள்ளை இல்லை. திருந்த வேண்டியவர்கள் நாம்தான், நான் திருந்திவிட்டேன்.

இரண்டாவது விஷயம். வீடியோவில் பேசிய அன்றைக்கு டாக்டர் உன்னிடம், இது குடும்பத்தில் வரும், நீங்க சின்ன வயசுல எப்படி இருந்தீங்க என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "நான் மக்கு சார், எங்கம்மாவக் கேளுங்க" என்றாய். போனைப் பிடித்திருந்தது என் கை. அந்தக் கை அன்றைக்கு முழுக்க எனக்கு வலித்தது. ஏழாவது படிக்கும்போது ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கேனை வைத்துவிட்டு வெறும் கையோடு வந்தாய். துடைப்பத்தால் அடித்து, கோயில் வாசல் ஜல்லியில் முழங்கால் போடவைத்தேன். பத்தாவது கணக்குப் பரீட்சையில் தாளுக்குப் பின்பக்கம் கேள்வி இருந்ததையே பார்க்காமல் எழுந்து வந்து பெயிலானாய். அன்றைக்கு நான்தான் அந்த வார்த்தையை முதலில் சொன்னேன், மக்கு என்று. அதற்கப்புறம் நீ அதை விடவே இல்லை, குவைத்துக்கும் எடுத்துப் போய்விட்டாய். நீ மக்கு இல்லை ஜெசிந்தா. நீ வேண்டுமென்றே பண்ணவும் இல்லை. உன் மகள் கேட்ட கேள்வியை அந்த வயதில் நீயும் மனதுக்குள் கேட்டிருப்பாய், உனக்காக நான் ரோட்டைத் தாண்டித் திரும்பிப் போகவில்லை. இப்போது போகிறேன். போன மாதம் டாக்டரிடம் இன்னொரு படிவம் கேட்டு வாங்கி, உன் ஒன்பது வயதை நினைத்து உட்கார்ந்து நிரப்பினேன். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். எல்லாம் உண்மை. இதை வைத்து உனக்கு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது, பெரியவர்களை வேறு விதமாகப் பார்ப்போம், அங்கேயே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க, லீவில் வந்தால் நானே பார்க்கிறேன் என்றார் டாக்டர். நீ பார். வெட்கப்படாதே. உன் அம்மாவே வெட்கப்படவில்லை.

மாப்பிள்ளைக்கு எங்கள் தோத்திரம் சொல். உன் அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், முழங்கால் தைலம் வாங்கி அனுப்பவும் சொன்னார். அஸ்வினி உனக்கென்று ஒரு மயில் வரைந்து மல்லாட்டைப் பொட்டலத்துக்குள் வைத்திருக்கிறாள், எண்ணெய் பட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதே. நல்ல உடம்பும் நல்ல சுகமும் தந்து மாதா உங்களை ஒரு குறையும் இல்லாமல் காப்பாளாக. ஒன்று மட்டும் மறக்காதே. படிவத்துக்குப் பின்பக்கம் இருக்கிறது. உங்கள் பிள்ளையிடம் உள்ள நல்லவற்றை எழுதவும் என்று ஒரே ஒரு கேள்விதான் அதில். அவர்கள் விட்ட இடம் எனக்குப் போதவில்லை, ஓரத்திலும் சுற்றி எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை திருப்பிப் பார்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
சவுரியம்மாள்